மூன்று டாலர், 937 ரூபாய், 3,600 யூனிட்

கோவில்பதாகையில் ஏழைகள் எத்தனை பேர்? இந்தக் கேள்விக்கு அரசிடம் எண் கிடையாது. ஆவடி மாநகராட்சிக்கும் அப்படி ஓர் எண் இல்லை. தமிழ்நாட்டுக்கு உண்டு, இந்தியாவுக்கு உண்டு, உலகம் முழுவதற்கும் சேர்த்துக்கூட உண்டு. வறுமையைக் கணக்கிடுபவர்கள் வீடு வீடாகப் போய் எல்லோரையும் எண்ணுவதில்லை. மாதிரிக்கு எடுத்த சில ஆயிரம் வீடுகளில் உட்கார்ந்து கேள்வி கேட்கிறார்கள். அந்த விடைகளைக் கொண்டு மாநிலத்தைப் பற்றி ஓரளவு உறுதியாகப் பேச முடியும். ஆவடிக்கு வடக்கே, ஏரியை ஒட்டி, போர்ஷன் வீடுகளும் புதிய அபார்ட்மென்ட்களுமாக வளர்ந்துகொண்டிருக்கும் கோவில்பதாகை போன்ற ஒரு பகுதியைப் பற்றிப் பேச அது போதாது.

அதனால் நாமே ஒரு வீட்டைக் கற்பனை செய்துகொள்வோம். இது எந்த உண்மைக் குடும்பமும் இல்லை. ஆனால் ஆவடி, அம்பத்தூர் பக்கம் இருப்பவர்களுக்கு இந்தக் கணக்கு புதிதாகவும் இருக்காது. கணவர் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் கான்ட்ராக்ட் ஆள். வேலை முழுதாக இருக்கும் மாதம் 14,000 ரூபாய். மனைவி இரண்டு அபார்ட்மென்ட்களில் வீட்டு வேலை செய்து 5,000 கொண்டுவருகிறார். பள்ளிக்குப் போகும் பிள்ளைகள் இரண்டு பேர். வாடகை 5,500. கரண்டுக்கு 600. மளிகை, காய், பால், முட்டை, ஞாயிற்றுக்கிழமைக் கறி எல்லாம் சேர்த்து 5,500; ரேஷன் அரிசி இலவசம் என்பதால் அதற்குள் முடிகிறது. சிலிண்டர் 900, ட்யூஷனும் நோட்டுப் புத்தகமும் 1,500, பெட்ரோல், பஸ் 1,200, போன் ரீசார்ஜ் 600, மருந்து மாத்திரை 500, சில்லறைச் செலவு 700. மொத்தம் 17,000. மிச்சம் 2,000, மகளிர் குழுக் கடனின் தவணைக்குப் போய்விடும். தலைக்கு மாதம் 4,250 ரூபாய் செலவு.

இந்தக் குடும்பம் ஏழையா? எந்த அளவுகோலை எடுக்கிறோம் என்பதைப் பொறுத்தது. ஒவ்வொன்றாக வைத்துப் பார்க்கலாம்.

முதலில் நம் நாட்டுக் கோடு. அதற்கும் ஆவடிக்கும் பழைய உறவு உண்டு. 1955 ஜனவரியில் காங்கிரஸ் கட்சியின் மாநாடு ஆவடியில் நடந்தது. தலைவர் யு.என்.தேபர், பிரதமர் நேரு, மாநில முதல்வர் காமராஜர். சோஷலிச பாணிச் சமுதாயம் அமைப்பதே நோக்கம் என்ற புகழ்பெற்ற தீர்மானம் அங்கேதான் நிறைவேறியது. வறுமையை ஒழிப்போம் என்று நாடே பேசிய அந்தக் காலத்தில், ஒழிக்க வேண்டிய வறுமை எவ்வளவு என்பதற்கு அரசின் அளவுகோல் எதுவும் இல்லை. புள்ளியியலாளர் மகலனோபிஸ் தொடங்கிவைத்த தேசிய மாதிரி ஆய்வு 1950 முதலே மக்களின் செலவைக் கேட்டு எழுதிக்கொண்டிருந்தது. ஆனால் எந்தச் செலவுக்குக் கீழே இருப்பவரை ஏழை என்பது, அதை யார் முடிவு செய்வது என்ற கேள்வி நின்றது.

கேள்வி புதிதல்ல. தாதாபாய் நவ்ரோஜி பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே கணக்குப் போட்டிருந்தார். ஒரு மனிதன் உயிரோடு இருக்கத் தேவையான அரிசி, பருப்பு, உப்பு, துணி இவற்றின் விலையைக் கூட்டி, 1867-68 விலைவாசியில் ஆண்டுக்கு 16 முதல் 35 ரூபாய் தேவை என்றார். சராசரி இந்தியரின் வருமானமோ அவர் கணக்கில் 20 ரூபாய். வெள்ளைக்கார அரசை அதன் சொந்தப் புள்ளிவிவரங்களைக் கொண்டே மடக்கிய கணக்கு அது.

சுதந்திர இந்தியாவின் முதல் கோடு 1962-இல் வந்தது. திட்டக்குழு அமைத்த குழு ஒன்று, 1960-61 விலையில் தலைக்கு மாதம் 20 ரூபாய், நகரத்தில் 25 ரூபாய் என்று சொன்னது. அதில் மருத்துவத்துக்கும் படிப்புக்கும் காசு சேர்க்கவில்லை. அவை இரண்டையும் அரசு கொடுத்துவிடும் என்பது அன்றைய நம்பிக்கை. இன்று தனியார் ஆஸ்பத்திரி பில்லையோ பள்ளிக் கட்டண ரசீதையோ கையில் வைத்துக்கொண்டு இந்த வரியைப் படிப்பவருக்குச் சிரிப்பு வரலாம். ஆனால் பிற்காலக் கோடுகள் பலவும் அந்த நம்பிக்கையைப் பல ஆண்டுகள் சுமந்துகொண்டிருந்தன.

1971-இல் பொருளாதார அறிஞர்கள் தண்டேகரும் ரத்தும், நாளொன்றுக்கு 2,250 கலோரி கிடைக்க எவ்வளவு செலவாகிறது என்று பார்த்துக் கோடு போட்டார்கள். 1979-இல் அலக் தலைமையிலான குழு அதைக் கிராமத்துக்கு 2,400 கலோரி, நகரத்துக்கு 2,100 கலோரி என்று பிரித்தது. கிராமத்தில் உடலுழைப்பு கூடுதல், அதனால் அதிக கலோரி. இங்கே ஒரு நுணுக்கம் உண்டு. அவர்கள் உணவுக்கு மட்டும் காசு ஒதுக்கிக் கோடு போடவில்லை. சராசரியாக இத்தனை கலோரி சாப்பிடும் குடும்பங்கள் மொத்தமாக எவ்வளவு செலவு செய்கின்றன என்று பார்த்தார்கள். 1973-74 விலையில் கிராமத்துக்கு மாதம் 49 ரூபாயும் நகரத்துக்கு 56 ரூபாயும் சொச்சமும் வந்தன. அதன்பிறகு பல ஆண்டுகள் விலைவாசி உயர்வை மட்டும் அதன் மேல் ஏற்றிக்கொண்டே போனார்கள். அதாவது, 1973-இல் ஒரு குடும்பம் எதற்கெல்லாம் காசு கொடுத்ததோ அதற்கு மட்டுமே 2000-லும் காசு கொடுக்கும் என்று வைத்துக்கொண்டார்கள். இடையில் பஸ் கட்டணம், பள்ளிக் கட்டணம், ஸ்கேன், வாடகை எல்லாம் வீட்டுக்குள் நுழைந்துவிட்டன.

2009-இல் சுரேஷ் டெண்டுல்கர் குழு கலோரியைக் கைவிட்டுவிட்டு, படிப்பு, மருத்துவச் செலவுகளையும் கணக்கில் எடுத்துக்கொண்டு புதிய கோடு வரைந்தது. அந்த முறைப்படி 2011-12-இல் தமிழ்நாட்டு நகரங்களுக்கான கோடு தலைக்கு மாதம் 937 ரூபாய், கிராமங்களுக்கு 880. இடையில், 2011 செப்டம்பரில், நகரத்தில் நாளொன்றுக்கு 32 ரூபாய் என்ற கணக்கைத் திட்டக்குழு உச்ச நீதிமன்றத்தில் பிரமாணப் பத்திரமாகத் தாக்கல் செய்தபோது நாடே கொதித்தது நினைவிருக்கும். 32 ரூபாயில் ஒரு நாள் சாப்பிட முடியுமா என்று டிவியில் கேட்டார்கள். அது ஒரு ஆளுக்கு. ஐந்து பேர் குடும்பத்துக்கு மாதம் 4,800 ரூபாய் ஆகிறது என்று அரசுத் தரப்பில் விளக்கம் சொன்னார்கள். விளக்கம் கணக்குப்படி சரி. ஆனால் அந்த 4,800-க்குள் ஆவடியில் ஒரு போர்ஷனுக்கு அட்வான்ஸும் வாடகையும் கொடுத்துவிட்டு ஐந்து பேர் சாப்பிட வேண்டும் என்பதை யாரும் விளக்கவில்லை.

எதிர்ப்புக்குப் பிறகு, ரிசர்வ் வங்கியின் முன்னாள் ஆளுநர் சி.ரங்கராஜன் தலைமையில் இன்னொரு குழு. 2014-இல் அறிக்கை தந்தது. கலோரியோடு புரதம், கொழுப்பு இவற்றுக்கும் குறைந்தபட்ச அளவு வைத்து, உடை, வாடகை, போக்குவரத்து, படிப்பு ஆகியவற்றுக்குத் தனியாக ஒதுக்கி வரைந்த கோடு. தமிழ்நாட்டு நகரங்களுக்கு அது 1,380 ரூபாய்.

அந்த மாற்றத்தின் விளைவை நிதானமாகப் பாருங்கள். இரண்டு கோடுகளுக்கும் இடையே மாதம் 443 ரூபாய், நாளுக்கு 15 ரூபாய் வித்தியாசம். டெண்டுல்கர் கணக்கில் தமிழ்நாட்டு நகரங்களில் 6.5 சதவீதம் பேர் ஏழைகள், அதாவது சுமார் 23 லட்சம். ரங்கராஜன் கணக்கில் 20.3 சதவீதம், 70 லட்சத்தைத் தாண்டிவிடுகிறது. ஆண்டும் அதே 2011-12, ஊரும் அதே ஊர். ஒருவர் வாழ்க்கையும் மாறவில்லை. அந்த 15 ரூபாய் இடைவெளிக்குள் ஐம்பது லட்சம் பேர் நெருக்கியடித்துக்கொண்டு வாழ்ந்திருக்கிறார்கள் என்பதுதான் இதிலிருந்து தெரிவது. வறுமை இத்தனை சதவீதம் குறைந்தது என்று செய்தி வரும்போதெல்லாம் நான் முதலில் தேடுவது கோட்டுக்குச் சற்று மேலே எத்தனை பேர் என்பதைத்தான். அது பெரும்பாலும் தலைப்பில் இருக்காது.

நம் கற்பனைக் குடும்பத்துக்கு வருவோம். 2011-12-க்குப் பிறகு விலைவாசி ஏறத்தாழ இரண்டு மடங்கு. 1,380 என்பதை 2,800 என்று வைத்துக்கொண்டாலும் அவர்களுடைய 4,250 அதற்கு மேலே. டெண்டுல்கர் கணக்கிலும் தேறிவிட்டார்கள், ரங்கராஜன் கணக்கிலும் தேறிவிட்டார்கள்.

அடுத்து உலக வங்கி. 1990-இல் நாளுக்கு ஒரு டாலர் என்று தொடங்கிய அளவு 1.25, 1.90, 2.15 என்று ஏறி, 2025 ஜூனில் மூன்று டாலர் ஆனது. இதில் பெரும்பாலோர் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. மூன்று டாலரை வங்கியில் மாற்றினால் 250 ரூபாய்க்கு மேல் வரும். நாளுக்குத் தலைக்கு 250 ரூபாய் இல்லாதவரெல்லாம் ஏழை என்றால் ஊரில் பாதிப் பேர் ஏழைதானே என்று தோன்றும். கணக்கு அப்படி இல்லை. அமெரிக்காவில் ஒரு டாலருக்குக் கிடைக்கும் சாமானை இங்கே வாங்க எத்தனை ரூபாய் வேண்டும் என்று பார்க்கிறார்கள். அங்கே ஒருமுறை முடி வெட்டிக்கொள்ளும் காசில் இங்கே குடும்பமே பல தடவை வெட்டிக்கொள்ளலாம். அந்த வாங்கும் சக்தியின்படி, 2021 விலையில் ஒரு டாலர் என்பது சுமார் 20 ரூபாய்தான். ஆக, மூன்று டாலர் என்பது நாளுக்கு 60 ரூபாய் சொச்சம்.

மூன்று என்ற எண் எங்கிருந்து வந்தது? மிக ஏழ்மையான நாடுகள் தங்களுக்கென்று வைத்திருக்கும் வறுமைக்கோடுகளைத் திரட்டி, அவற்றின் நடுமதிப்பை எடுக்கிறார்கள். அதனால் அது உலகத்தின் மிகத் தாழ்ந்த கோடு. இந்தியா போன்ற கீழ்நடுத்தர வருமான நாடுகளுக்கு 4.20 டாலர், அதற்கும் மேலே உள்ளவற்றுக்கு 8.30 டாலர் என்று தனித்தனிக் கோடுகள் வைத்திருக்கிறார்கள். 2022-23-இல் மூன்று டாலர் கோட்டுக்குக் கீழே இருந்த இந்தியர்கள் 5.3 சதவீதம். 4.20 கோட்டுக்குக் கீழே 23.9 சதவீதம். செய்திகளில் முதல் எண்தான் வருகிறது, இரண்டாவது வருவது அரிது. நம் குடும்பம் 4.20-ஐத் தாண்டிவிடும். 8.30-ஐத் தாண்டாது. மலேசியாவோ பிரேசிலோ அளக்கப்படும் கோலால் அளந்தால் அவர்கள் ஏழைகள். இந்தியாவுக்கான கோலால் அளந்தால் இல்லை.

இதுவரை பார்த்த கோடுகள் எல்லாம் ஒரே கேள்வியில் நிற்பவை: போன மாதம் எவ்வளவு செலவு செய்தீர்கள்? இந்தியாவில் வருமானத்தைக் கேட்பதில்லை, செலவைத்தான் கேட்கிறார்கள். தினக்கூலிக்காரரின் வருமானம் வாரத்துக்கு வாரம் மாறும், சரியாகச் சொல்லவும் மாட்டார்கள் என்பதால் அது நியாயமான முடிவுதான். எத்தனை நாள் செலவைக் கேட்பது என்பதிலும் நிறைய விஷயம் இருக்கிறது. முப்பது நாளில் எத்தனை முட்டை வாங்கினீர்கள் என்றால் பாதி மறந்துபோகும். ஏழு நாள் என்றால் சரியாகச் சொல்வார்கள். புது வேட்டி, சட்டை, கட்டில் போன்றவற்றுக்கு ஒரு வருஷக் கணக்கு கேட்டால்தான் சரியாக வரும். கேள்வியை இப்படி மாற்றியமைத்தாலே பதிவாகும் செலவு கூடி, வறுமை சில புள்ளிகள் குறைந்துவிடும். இந்தியாவின் அண்மைக் கணக்கு குறைந்ததில் இதற்கும் ஒரு பங்கு உண்டு.

ஆனால் செலவை வைத்து அளப்பதில் இன்னும் பெரிய கோணல்கள் உண்டு. ஆவடி மாதிரி ஊரில் அவை நன்றாகவே தெரியும்.

ஒன்று ஆஸ்பத்திரி. நம் குடும்பத்தில் கணவருக்கு அப்பெண்டிசைட்டிஸ் வந்து, அவசரத்துக்குப் பக்கத்துத் தனியார் ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் செய்து, 60,000 ரூபாய் வட்டிக்கு வாங்கிக் கட்டினார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆய்வுக்காரர் வந்தால் அந்த 60,000 அந்த வருஷச் செலவில் ஏறும். மாதத்துக்கு 5,000, தலைக்கு 1,250 கூடிவிடும். கடனில் மூழ்கிய வருஷத்தில் அவர்கள் கணக்குப்படி வசதியாகிவிடுகிறார்கள். அடுத்த வருஷம் வட்டியும் அசலும் கட்டுகிறார்களே, அது நுகர்வுச் செலவில் சேராது. வாயைக் கட்டி வயிற்றைக் கட்டித் தண்டல்காரருக்குக் கொடுக்கும் காசு எந்தக் கட்டத்திலும் வராது.

இன்னொன்று வாடகை. வாடகை கொடுத்தால் அது செலவு. சொந்த வீட்டில் இருப்பவருக்கு அந்த வீட்டின் வாடகை மதிப்பைச் செலவாகச் சேர்ப்பதில்லை. ஆகவே, அதே தெருவில் அப்பா கட்டிவைத்த ஓட்டு வீட்டில் வாடகையில்லாமல் இருக்கும் குடும்பத்தைவிட, 5,500 ரூபாய் வாடகை கொடுக்கும் நம் குடும்பம் வசதியானதாகத் தெரியும். யார் நிம்மதியாகத் தூங்குகிறார்கள் என்று அந்தத் தெருவில் கேட்டால் வேறு பதில் கிடைக்கும்.

கரண்டையும் விட்டுவிட முடியாது. 2016 முதல் வீட்டு இணைப்புகளுக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். அந்தச் சலுகை இணைப்புக்கு, குடியிருப்பவருக்கு இல்லை. ஒரே இணைப்பிலிருந்து நாலு போர்ஷனுக்குச் சப்-மீட்டர் வைத்து, யூனிட்டுக்கு எட்டு ரூபாய், பத்து ரூபாய் என்று வசூலிக்கும் வீட்டுக்காரர்கள் சென்னைப் புறநகரில் எத்தனை பேர் என்பது வாடகைக்கு இருந்தவர்களுக்குத் தெரியும். இல்லாதவர் அதே மின்விசிறிக்குக் கூடுதலாகக் கொடுக்கிறார். கொடுத்த கூடுதல் காசும் அவருடைய வாழ்க்கைத் தரம் என்ற கணக்கில்தான் சேருகிறது.

கடைசியாக, தலைக்கு என்ற சொல். 17,000-ஐ நாலால் வகுத்தோம். வீட்டில் எல்லோரும் சமமாகச் சாப்பிடுகிறார்கள் என்று வைத்துக்கொண்டுதான் அந்த வகுத்தல். கடைசியில் பாத்திரத்தைச் சுரண்டிச் சாப்பிடுபவர் யார் என்று உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும், ஆய்வுப் படிவத்துக்குத் தெரியாது.

காசை மட்டும் பார்ப்பதில் உள்ள இந்தக் குறைகளுக்காகவே இன்னொரு வகை அளவுகோல் வந்தது. பல்பரிமாண வறுமைக் குறியீடு என்பது அதன் பெயர். சபீனா அல்கைர், ஜேம்ஸ் ஃபாஸ்டர் இருவரும் வகுத்த முறையை வைத்து, 2010 முதல் ஐக்கிய நாடுகளின் வளர்ச்சித் திட்டமும் ஆக்ஸ்ஃபோர்டு ஆய்வு மையமும் உலகக் கணக்கு வெளியிடுகின்றன. இந்தியாவுக்கு நிதி ஆயோக் தனியாகச் செய்கிறது. காசைப் பற்றிக் கேள்வியே இல்லை. உடல்நலம், படிப்பு, வாழ்க்கைத் தரம் என்ற மூன்று தலைப்புகளில் 12 கேள்விகள். வீட்டில் யாராவது சத்துக்குறைவாக இருக்கிறார்களா, ஒருவராவது ஆறு வருஷம் படித்திருக்கிறாரா, பிள்ளை பள்ளிக்குப் போகிறதா, என்ன அடுப்பு, கக்கூஸ் தனியா பொதுவா, கரண்ட் இருக்கிறதா, வங்கிக் கணக்கு இருக்கிறதா என்று போகும். ஒவ்வொன்றுக்கும் ஓர் எடை. குறைகளின் எடை மூன்றில் ஒரு பங்கைத் தொட்டால் அந்தக் குடும்பம் ஏழை.

நம் குடும்பத்துக்குப் போட்டுப் பார்ப்போம். மொத்தத்தை 21 புள்ளி என்று வைத்தால் ஏழை ஆவதற்கு 7 வேண்டும். போர்ஷன் வீட்டில் கக்கூஸ் இரண்டு குடும்பத்துக்குப் பொது; அதற்கு ஒரு புள்ளி. மனைவி எடை மிகக் குறைவாக இருந்தால் சத்துக்குறைவுக்கு மூன்றரைப் புள்ளி. நாலரையில் நின்றுவிடுகிறது. இங்கேயும் ஏழை இல்லை.

தமிழ்நாட்டில் இந்தக் குறியீட்டின்படி 2015-16-இல் 4.76 சதவீதமாக இருந்த ஏழைகள் 2019-21-இல் 2.20 சதவீதமாகக் குறைந்தார்கள். இந்திய அளவில் அது 14.96, பீகாரில் 33.76. பெருமைப்பட வேண்டிய எண்தான். ஆனால் நம் மாநிலத்துக்கே உரிய ஒரு காரணமும் அதற்குள் இருக்கிறது. வீட்டுப் பொருள்கள் பற்றிய கேள்வியில், டிவி, போன், சைக்கிள், பைக், ஃபிரிட்ஜ் போன்ற பட்டியலில் ஒன்றுக்கு மேல் இருந்தால் குறை இல்லை என்று எழுதிக்கொள்வார்கள். 2006-இல் தொடங்கி வீடு வீடாகக் கலர் டிவி கொடுத்த மாநிலம் இது. பதினொன்றாம் வகுப்புப் பிள்ளைக்குச் சைக்கிள் கொடுக்கிற மாநிலம். கையில் ஒரு போனும் அரசு கொடுத்த டிவியும் இருந்தாலே அந்தக் கேள்வியைத் தாண்டிவிடலாம். இதை மோசடி என்று சொல்ல மாட்டேன். சைக்கிள் கிடைத்த பெண் பள்ளிக்குப் போனது உண்மை; வறுமை குறைவது என்பது அப்படித்தான். வெளிமாநிலத்தில் ஒரு வீட்டில் டிவி இருப்பது அந்த வீட்டைப் பற்றிச் சொல்வதைவிட, நம் ஊரில் அது அரசாங்கத்தைப் பற்றி அதிகம் சொல்கிறது, அவ்வளவுதான்.

இந்தக் குறியீட்டுக்கு விவரம் தந்த அதே தேசியக் குடும்ப நல ஆய்வு, அதே 2019-21. தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் நாலில் ஒன்றுக்கு வயதுக்கேற்ற வளர்த்தி இல்லை. ரத்தசோகை அந்த 12 கேள்விகளில் ஒன்றாக இல்லை. 2.20 என்பதையும் 53 என்பதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எந்த எண்ணும் பொய்யில்லை என்பதும், தனியாக எதுவும் போதாது என்பதும் புரியும்.

பணக்கார நாடுகளின் வழி வேறு. ஐரோப்பிய நாடுகளில் நடுமட்டக் குடும்பத்தின் வருமானத்தில் 60 சதவீதத்துக்குக் கீழே இருப்பவரை வறுமை அபாயத்தில் இருப்பவர் என்கிறார்கள். பட்டினி என்ற பேச்சே அதில் இல்லை; ஊரோடு ஒத்து வாழ முடிகிறதா என்பதே கேள்வி. பிரிட்டனில் 1899-இல் யார்க் நகரத்தை வீடு வீடாகக் கணக்கெடுத்த ரௌன்ட்ரீ, உயிர் தரிக்க மட்டுமே போதுமான கோடு ஒன்றை வரைந்துவிட்டு, அந்தக் கோட்டில் வாழும் குடும்பம் ரயிலேறக் கூடாது, பத்திரிகை வாங்கக் கூடாது, பிள்ளைக்குப் பொம்மை வாங்கித் தரக் கூடாது என்று தானே எழுதிக் காட்டினார். 2020-இல் பள்ளிகள் மூடிக் கிடந்தபோது ஸ்மார்ட்போன் இல்லாத பிள்ளைக்குப் பாடமும் இல்லாமல் போனதே, அதற்கு முந்தைய வருஷம் வரை அதே போனை ஆடம்பரம் என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தோம். தமிழ்நாட்டு நகரங்களில் 2022-23-இல் தலைக்குச் சராசரிச் செலவு மாதம் 7,630 ரூபாய். நம் குடும்பத்தின் 4,250 அதில் பாதியைச் சற்றே தாண்டுகிறது. இந்தக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தாலும் அவர்கள் கொஞ்சம் இல்லாதவர்களாகத் தெரிகிறார்கள்.

இவ்வளவையும் கோவில்பதாகையில் யாரும் பேசிக்கொள்வதில்லை. அங்கே வறுமைக்கோடு என்றால் இ-சேவை மையத்தில் என்ன கேட்கிறார்கள் என்பதுதான். 1997-இல் மத்திய அரசு ரேஷனை வறுமைக்கோட்டுக்கு மேலே, கீழே என்று இரண்டாகப் பிரித்தபோது தமிழ்நாடு அதற்கு இணங்காமல் எல்லோருக்குமான ரேஷனையே தொடர்ந்தது. அதனால் கர்நாடகத்திலும் ஆந்திரத்திலும் சண்டை சச்சரவுக்குக் காரணமான பி.பி.எல். கார்டு என்ற பேச்சு இங்கே அதிகம் எழவில்லை. சர்க்கரை கார்டு, அரிசி கார்டு என்று நாமே தேர்ந்தெடுத்துக்கொண்டோம். அரிசி கார்டு வைத்துக்கொண்டு காரில் வந்து வாங்குகிறார்களே என்று முணுமுணுப்பவர்கள் உண்டு. ஆனால் பிரிக்கும் மாநிலங்களில் தவறிப்போகிறவர்கள் பெரும்பாலும் காகிதம் இல்லாத ஏழைகள். தகுதியில்லாத ஒருவருக்கு அரிசி போய்ச் சேர்வதும், தகுதியுள்ள ஒருவருக்குப் போகாமலிருப்பதும் ஒரே அளவு தப்பில்லை என்பது என் கட்சி.

கலைஞர் மகளிர் உரிமைத் தொகையில்தான் இந்தக் கோடு நம் வீட்டு வாசலுக்கு வந்தது. 2023 செப்டம்பர் 15-ஆம் தேதி தொடங்கிய திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய். முதல் கட்டத்தில் விண்ணப்பித்தவர்கள் 1.63 கோடி, கிடைத்தவர்கள் சுமார் 1.06 கோடி. குடும்ப வருமானம் ஆண்டுக்கு இரண்டரை லட்சத்துக்குள் இருக்க வேண்டும், நன்செய் ஐந்து ஏக்கருக்குள், புன்செய் பத்து ஏக்கருக்குள், கார் கூடாது, வீட்டுக் கரண்ட் ஆண்டுக்கு 3,600 யூனிட்டுக்குள். மாதச் சம்பளச் சீட்டு இல்லாத ஊரில் வருமானத்தைச் சரிபார்ப்பது கஷ்டம், மின் மீட்டரைப் பார்ப்பது சுலபம் என்பதே அந்த 3,600-க்குப் பின்னால் உள்ள யோசனை. ஏசி போட்டால் தாண்டும், ஃபேனும் ஃபிரிட்ஜும் மட்டும் என்றால் தாண்டாது. பொருளாதார நிபுணர்கள் அறிக்கை அறிக்கையாக எழுதித் தேடுகிற அளவுகோலைவிட, இந்த யூனிட் கணக்கு ஒருவிதத்தில் நேர்மையானது: எங்கே கோடு என்று எல்லோருக்கும் தெரியும், தகுதியில்லை என்று வந்தால் முப்பது நாளுக்குள் கோட்டாட்சியரிடம் மேல்முறையீடு செய்யலாம்.

நம் குடும்பத்தின் ஆண்டு வருமானம் 2,28,000 ரூபாய். உரிமைத் தொகைக்குத் தகுதி உண்டு. முதலமைச்சரின் மருத்துவக் காப்பீட்டுக்கு 2022 முதல் வரம்பு 1,20,000. அதற்குத் தகுதி இல்லை. மத்திய அரசு பொருளாதாரத்தில் நலிந்தோர் என்று 2019-இல் சொன்ன பத்து சதவீத ஒதுக்கீட்டுக்கு வரம்பு எட்டு லட்சம். சாதி இடம் கொடுத்தால் அவர்கள் அதற்குள் தாராளமாக வருவார்கள். ஒரே வீடு, ஒரே சம்பளம். ஒரு மேஜையில் ஏழை, அடுத்த மேஜையில் இல்லை. இதனால்தான் வருமானச் சான்றிதழ் வாங்கப் போகிறவர் முதலில் எதற்கு என்று கேட்டுக்கொண்டு, பிறகு எவ்வளவு என்று எழுதுகிறார். ஏமாற்றும் எண்ணம் என்று இதை முழுதாகச் சொல்லிவிட முடியாது. 14,000 வந்த மாதமும் உண்டு, வேலையில்லாமல் 6,000-த்தோடு நின்ற மாதமும் உண்டு. எந்த மாதத்தைப் பன்னிரண்டால் பெருக்குவது?

கேரளம் இதற்கு வேறொரு வழியைச் செய்து பார்த்தது. சதவீதத்தை விட்டுவிட்டு, உணவு, உடல்நலம், வருமானம், வீடு ஆகிய நான்கையும் பார்த்து, உள்ளாட்சிகள் வழியாகப் பெயர் பெயராகக் குடும்பங்களைப் பட்டியலிட்டார்கள். 64,006 குடும்பங்கள் வந்தன. ஒவ்வொரு வீட்டுக்கும் தனித் திட்டம்: ஒருவருக்கு ரேஷன் கார்டு, ஒருவருக்கு மருந்து, ஒருவருக்கு வீடு. 2025 நவம்பர் 1-ஆம் தேதி, கடும் வறுமை இல்லாத மாநிலம் என்று அறிவித்தார்கள். பட்டியல் எப்படி எடுத்தீர்கள், விட்டுப்போனவர்கள் யார் என்று பொருளாதார அறிஞர்கள் சிலர் கேள்வி எழுப்பினார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் பெயர் எழுதிய பட்டியலில் விட்டுப்போனவர் நான் இங்கே இருக்கிறேன் என்று வந்து நிற்கலாம். 2.20 சதவீதத்தில் விட்டுப்போனவர் எங்கே போய் நிற்பார்?

கோவில்பதாகைக்கு அந்த முறையைக் கொண்டுவந்தால் முதல் சிக்கல் முகவரி. பதினோரு மாத ஒப்பந்தம் முடிந்து வீடு மாறியவர்களின் ரேஷன் கார்டு இன்னும் பழைய தெருவிலேயே இருக்கும். புது முகவரிக்கு மாற்ற வாடகை ஒப்பந்தம் கேட்டால் எழுதித்தர யோசிக்கும் வீட்டுக்காரர்கள் உண்டு. அம்பத்தூர் எஸ்டேட்டுக்கு வேலைக்கு வந்து, ஓர் அறைக்கு ஆறு பேர் என்று தங்கியிருக்கும் பீகார், ஒடிசா இளைஞர்கள் இன்னொரு கணக்கு. அவர்கள் அனுப்பும் காசில் சாப்பிடும் குடும்பம் பீகாரின் 33.76-க்குள் இருக்கலாம், அல்லது அந்தக் காசாலேயே அதிலிருந்து வெளியே வந்திருக்கலாம். அவர்கள் படுத்துத் தூங்கும் அந்த அறை தமிழ்நாட்டின் கணக்கில் வரும், ஆய்வுக்காரர் கதவைத் தட்டும் நேரத்தில் யாராவது ஷிஃப்ட் முடித்து உள்ளே இருந்தால்.